வாக்கு எண்ணியும் முடியாத தெரிவு: தமிழரசுக் கட்சிக்குள் நடந்தது என்ன?

சிறீதரன் வென்றார் என்றார்களே, பிறகு ஏன் அவர் தலைவராகவில்லை? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பலர் வீட்டுச் சின்னத்துக்கே பரம்பரையாக வாக்களித்து வருபவர்கள். அவர்களுக்குக் கட்சி தெளிவாகப் பதில் சொன்னதில்லை.

நடந்ததை முதலில் பார்ப்போம். 1949 டிசம்பரில் உருவான இலங்கைத் தமிழரசுக் கட்சியில் தலைவர்கள் பெரும்பாலும் இணக்கத்தின் மூலமே தெரிவாகி வந்தனர். 2024 ஜனவரி 21ஆம் திகதி திருகோணமலையில் கூடிய பொதுச்சபையில் அந்த வழக்கம் மாறியது. சிவஞானம் சிறீதரன், எம்.ஏ. சுமந்திரன் இருவருக்குமிடையில் வாக்கெடுப்பு நடந்தது. மூன்றாவது வேட்பாளரான மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சீனித்தம்பி யோகேஸ்வரன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். சிறீதரனுக்கு 184 வாக்குகளும் சுமந்திரனுக்கு 137 வாக்குகளும் கிடைத்தன.

ஆனால் தெரிவானவர் பொறுப்பேற்பது கட்சியின் தேசிய மாநாட்டில்தான். மாநாட்டுக்கு முதல் நாள், ஜனவரி 27இல், பொதுச் செயலாளர் பதவி பிரச்சினையானது. திருகோணமலையின் சண்முகம் குகதாசனா, மட்டக்களப்பின் ஞானமுத்து சிறிநேசனா என்ற இழுபறி வாக்கெடுப்பு வரை சென்றது. குகதாசனின் பெயர் நிறைவேறியும் சர்ச்சை அடங்கவில்லை. மாநாடு ஒத்திவைக்கப்பட்டது.

செயலாளர் பதவிக்கு ஏன் இவ்வளவு போட்டி? தலைவர் கட்சியின் முகம். ஆனால் தேர்தல் ஆணைக்குழுவோடு தொடர்பாடுவதும் வேட்புமனுக்களுக்கு ஒப்பமிடுவதும் செயலாளரின் பொறுப்பு. தலைமை வடக்குக்கு என்றால் செயலாளர் கிழக்குக்கு என்ற எதிர்பார்ப்பு மட்டக்களப்பில் இருந்தது. அந்தக் கிழக்குக்குள்ளேயே இரு மாவட்டங்கள் மோதிக்கொண்டதுதான் சங்கடம்.

மீண்டும் பெப்ரவரி 19க்கு மாநாடு குறிக்கப்பட்டது. அதற்கு முன்னரே திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. யாப்பு அனுமதிக்கும் எண்ணிக்கையைவிடக் கூடுதலானோர் பொதுச்சபையில் வாக்களித்தனர் என்பது வழக்கின் முக்கியமான முறைப்பாடு. ஆக, யாருக்கு அதிக வாக்கு என்பதல்ல, யாருக்கு வாக்குரிமை என்பதே கேள்வியானது.

இது நம் கட்சிக்கு மட்டும் வந்த வியாதியல்ல. பிரித்தானியத் தொழிற்கட்சி 2016இல் தலைவர் ஜெரமி கோர்பினுக்கு ஆதரவு, எதிர்ப்பு என்று பிளந்து நின்றது. புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்கள் வாக்களிக்கலாமா என்ற வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓகஸ்ட்டில் வந்துவிட்டது. முடிவு அறிவிக்கப்பட்டதோ செப்டெம்பரில். கோர்பின் 61.8 சதவீத வாக்குகளோடு வென்றபோது, தோற்ற தரப்பால் வாக்காளர் பட்டியலைக் குறைசொல்ல முடியவில்லை. அங்கே பட்டியல் சண்டை வாக்கெடுப்பு முடிவதற்கு முன்பே தீர்ந்தது. இங்கே வாக்கை எண்ணிய பிறகே தொடங்கியது.

அதன் விலையை அந்த ஆண்டே கண்டோம். செப்டெம்பர் 1இல் மத்திய குழு சஜித் பிரேமதாசவை ஆதரிக்கத் தீர்மானித்தது. சிறீதரனோ தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்காகப் பிரசாரம் செய்தார். அரியநேத்திரன் மட்டக்களப்பின் முன்னாள் தமிழரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே கட்சி, ஒரே தேர்தல், இரண்டு அழைப்புகள். எதைக் கேட்பது என்று சனம் குழம்பியது.

அப்படியிருந்தும் நவம்பர் 14 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பின் 5 ஆசனங்களில் 3ஐ மக்கள் தமிழரசுக் கட்சிக்கே கொடுத்தனர். நாடெங்கும் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் இதுதான். அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அக்கட்சிக்குக் கிடைத்தது ஓர் ஆசனம் மட்டுமே.

பின்னர் சி.வி.கே. சிவஞானம் பதில் தலைவரானார். 2025 ஜனவரியில் மாவை சேனாதிராஜா காலமானார். அடுத்த மாதம் சுமந்திரன் பதில் பொதுச் செயலாளரானார். இரண்டு பதவிகளும் வடக்கில். இரண்டும் 'பதில்' பதவிகள்.

இதையெல்லாம் கட்சிக்காரரின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இன்னும் வீதியில் நிற்கின்றனர். கொழும்போடு பேசப் போகிறவர் யாருடைய ஆணையோடு போகிறார் என்று கேட்க இவர்களுக்கு உரிமை இருக்கிறது. தன் தலைவரையே உறுதிப்படுத்த முடியாத கட்சியின் குரலுக்கு அங்கே எவ்வளவு பெறுமதி இருக்கும்?

தீர்வுக்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. ஒவ்வொரு தொகுதிக் கிளையிலிருந்தும் பொதுச்சபைக்கு எத்தனை பேர், யார் யார் என்பதை யாப்பின்படி முடிவு செய்து, அடுத்த தலைவர் தெரிவுக்கு முன்பே பட்டியலை வெளியிட வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் அப்போதே சொல்லட்டும். பிறகு யார் வென்றாலும் மற்றவர் ஏற்கட்டும். இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குப் புள்ளடி போட்ட மட்டக்களப்புச் சனத்துக்குக் கட்சி பட்டிருக்கும் கடன் அது.