அட்டைப்படத்தில் யாருடைய முகம்?

காட்சித் தொடர்பியல், இதழியல் படிக்கும் மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு இசை இதழை வடிவமைப்பது. அட்டை, பொருளடக்கம், எதிரெதிரே இரண்டு பக்கங்களில் ஒரு பேட்டி. இவ்வளவுதான் வேலை. இங்கிலாந்தில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம், பள்ளி மேல்வகுப்பு ஊடகப் பாடத்தில் பல ஆண்டுகள் இதே பயிற்சியை வைத்திருந்தது. அதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எழுத்தும் படமும் மாணவர் தாமே உருவாக்கியதாக இருக்க வேண்டும். குறைந்தது நான்கு சொந்தப் படங்கள் வேண்டும். வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டக் கூடாது.

அந்த விதியை நம் ஊருக்குக் கொண்டு வந்து பார்ப்போம். பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு மாணவி தவளக்குப்பம் வந்து, கடலூர் சாலையில் பஸ் ஏறி, சுண்ணாம்பாற்றுப் பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இசை இதழ் செய்யச் சொன்னால் முதலில் என்ன தோன்றும்? சினிமா இசையமைப்பாளர் படம், கிடார், மேடை விளக்கு. ஆனால் அந்த இசையமைப்பாளரை அவர் நேரில் பார்த்ததில்லை. அவரைப் படம் எடுக்கவும் முடியாது. சொந்தப் படம்தான் வேண்டும் என்றால், நேரில் பார்த்த இசைக் கலைஞர் யார் என்று யோசிக்க வேண்டும்.

யோசித்தால் விடை தெருவிலேயே இருக்கும். சாவு வீட்டில் பறை அடிப்பவர், அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் அடிப்பவர், கூத்தில் முகவீணை ஊதுபவர், ஒப்பாரி வைத்தே ஊரை அழவைக்கும் பாட்டி. பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கத்துக் கிராமங்களில் இவர்கள் இல்லாமல் நல்லதும் கெட்டதும் நடப்பதில்லை. ஆனால் இவர்களைப் பற்றி எந்த இசைப் பத்திரிகையிலாவது ஒரு பக்கம் படித்திருக்கிறோமா?

எழுதப்பட்ட இசையும் எழுதப்படாத இசையும்

தமிழ்நாட்டில் இசை விமர்சனத்துக்குக் குறைவில்லை. சென்னை மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கப்பட்டது. கல்கி, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய சங்கீத விமர்சனங்களை அன்று ஊரே படித்தது. 1983இல் 'ஸ்ருதி' என்ற ஆங்கில இசை இதழ் சென்னையில் தொடங்கியது. யார் எந்த ராகத்தை எத்தனை நிமிடம் பாடினார், யார் பக்கவாத்தியம் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது.

பறைக்கும் ராகத்துக்கு ஈடான கணக்கு உண்டு. சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, பாடம் அடி, மாரடிப்பு அடி, மருள் அடி, டப்பா அடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் இடமும் இருக்கின்றன. ஒரு கையில் மெல்லிய நீளமான சிண்டுக் குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிச் சுருதி கூட்டுகிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. இத்தனை இருந்தும், அடிப்பவரின் பெயர் அச்சேறுவது அரிது. செய்திகளில் அவர்கள் வெறும் 'மேளம் அடிப்பவர்கள்'.

நிலைமை மெல்ல மாறுகிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் முறையாக மேடை ஏறியது. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் பறைக்காக மதுரை வேலு ஆசான் பெயர் வந்தது. அதே பட்டியலில் தவிலுக்காகப் புதுச்சேரியின் பி. தட்சணாமூர்த்தி பெயரும் வந்தது. விருது சிலருக்குத்தான் கிடைக்கும். ஆனால் பெயரும் படமும் போட்டு நான்கு வரி எழுதுவதற்கு டெல்லி தேவையில்லை. ஒரு மாணவர் போதும்.

இதழுக்கு என்ன பெயர்?

வடிவமைப்பில் முதல் வேலை, இதழின் பெயரை முடிவு செய்வது. அட்டையில் பெரிய எழுத்தில் வருவது அதுதான். தலித் இதழியல் வரலாற்றில் இது சாதாரணக் கேள்வியாக இருந்ததில்லை.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் நான்கு பக்கங்களில் ஒரு இதழைத் தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ, அந்தப் பெயரோடு தலைநிமிர்ந்து நின்றால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் வாதம். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். பிறர் சூட்டிய இழிபெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டு வந்தார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. இருவரும் மைத்துனர்கள். ஒரே குடும்பம், ஒரே போராட்டம், இரண்டு பெயர்கள். 1920 ஜனவரி 31 அன்று பம்பாயில் அம்பேத்கர் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் 'மூக்நாயக்', அதாவது வாயில்லாதவர்களின் தலைவன்.

இன்றைய மாணவருக்கும் இதே கேள்வி வரும். இதழுக்குப் 'பறை' என்று பெயர் வைப்பதா? அல்லது எல்லா இசைக்கும் பொதுவான பெயரா? இரண்டுக்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். எது சரி என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. ஏன் அந்தப் பெயர் என்று மாணவர் நான்கு வரி எழுத முடிந்தால், அதுவே இதழின் தலையங்கம்.

கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்

பெயரை விடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. பறை அடிக்கும் பெரியப்பாவிடம் போய், "உங்க படத்தை அட்டையில போடப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே சந்தோஷப்படுவார் என்று நினைக்க வேண்டாம். "அது எதுக்கும்மா இப்ப? உன்னைப் படிக்க வைக்கிறதே இந்தக் குச்சியை உன் தலைமுறையாவது தொடக் கூடாதுன்னுதானே?" என்று அவர் கேட்கலாம்.

அந்தக் கேள்வியை மதிக்க வேண்டும். ஊருக்குச் சாவு விழுந்தால் கூலி பேசாமல் வந்து அடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துப் பல ஊர்களில் பறையை இறக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். இனி அடிக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னது விடுதலைக் குரல். பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்கு எடுத்துச் சென்றவர்களும் இருக்கிறார்கள். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை விடுதலையின் மொழியாகக் கற்பித்தார். திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் பெண்களே பறை அடித்து ஆடினார்கள். விட்டவர்கள், எடுத்தவர்கள் இருவரும் எதிர்த்தது ஒரே இழிவைத்தான். நல்ல இசை இதழ் என்றால் இருவர் பேச்சும் அதில் இருக்க வேண்டும். கொண்டாட்டம் மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

ஆகவே முதல் நாள் கேமராவை எடுக்காதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் படம் வரும், யார் படிப்பார்கள், இணையத்தில் போடுவீர்களா என்று சொல்லுங்கள். அச்சுக்கு முன் பக்கத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முகம் வேண்டாம் என்பவரின் கைகளை மட்டும் எடுக்கலாம். குச்சி பிடித்துக் காய்த்த கை பல முகங்களை விட அதிகம் பேசும்.

சட்டமும் கலைஞர் பக்கம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, நிகழ்த்துக் கலைஞர் தம் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமையைத் தருகிறது. ஊதியமின்றிக் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்த இரண்டு செய்திகளையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டால், இதழ் மதிப்பெண்ணோடு நிற்காமல் தெருவுக்கும் பயன்படும்.

நடுப்பக்கப் பேட்டி

பேட்டியில் 'உங்களுக்குப் பிடித்த பாட்டு எது' என்று தொடங்கினால் பேச்சு விரைவில் தீர்ந்துவிடும். யாரிடம் கற்றீர்கள்? முதல் முறை அடித்தது எந்த வீட்டில்? அன்று கூலி எவ்வளவு, இன்று எவ்வளவு? சாப்பாடு எங்கே போட்டார்கள், தண்ணீர் எதில் கொடுத்தார்கள்? வர முடியாது என்று எப்போதாவது சொன்னீர்களா, பிறகு என்ன நடந்தது? உங்கள் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பீர்களா? இப்படிக் கேளுங்கள். பதிலை அவர் பேசும் தமிழிலேயே போடுங்கள். புத்தகத் தமிழுக்கு மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

படம் எடுக்கும்போது கேமராவை அவர் கண் மட்டத்தில் பிடியுங்கள். நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரைக் கீழ்நோக்கி எடுத்த படங்கள் போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டன. சினிமா இசையமைப்பாளர் பெயரை என்ன அளவில் போடுவீர்களோ, அதே அளவில் இவர் பெயரையும் போடுங்கள்.

பக்கம் போடும் வேலை

இனி தொழில்நுட்பம். ஒரு ஏ3 தாளை இரு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கங்கள் கிடைக்கும். அட்டை, பொருளடக்கம், பேட்டி என்று நான்கு பக்கத்திலும் ஒரு இதழ் முடிந்துவிடும். ஆனால் பொருளடக்கத்துக்கு எதிரில் பேட்டி தொடங்கினால் அதன் மீதி பின்னட்டைக்குப் போய்விடும். பேட்டி எதிரெதிர்ப் பக்கங்களில் வர வேண்டும் என்றால் எட்டுப் பக்கமாக்கி, நான்கு, ஐந்தாம் பக்கங்களில் வையுங்கள். மடித்துப் பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அட்டைப்படம் ஓரம் வரை வரவேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. ஏ4 அளவில் தெளிவாக அச்சாக, படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். 12 மெகாபிக்சல் செல்போன் கேமராவே போதும். ஆனால் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

தமிழ் எழுத்தில்தான் பலர் திணறுகிறார்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இன்டிசைனில் 'வேர்ல்ட் ரெடி' கம்போசரைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். மென்பொருள் வாங்கப் பணமில்லை என்றால் ஸ்கிரைபஸ் இலவசம். 1.5.3க்குப் பிந்தைய பதிப்புகளில் தமிழ் சரியாக வருகிறது. முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கட்டணமில்லா எழுத்துருக்கள். தலைப்புக்கு ஒன்று, உள்ளே ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஏ4 பக்கத்தில் மூன்று பத்தி போட்டு இருபுறமும் நேர் செய்தால் சொற்களுக்கு இடையே ஓட்டை விழும். இரண்டு பத்தி போதும். கி, கீ மேலே எழும், கு, கூ கீழே இறங்கும். எனவே வரிகளுக்கிடையே ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள். கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்கும் பெரியவர்களுக்காக எழுத்தை 11 புள்ளிக்குக் குறைக்காதீர்கள்.

முதல் பிரதி யாருக்கு?

மதிப்பெண் பட்டியலில் ஏறியதும் பெரும்பாலான மாணவர் திட்டங்கள் அலமாரிக்குப் போய்விடுகின்றன. இந்த இதழ் அப்படிப் போகக் கூடாது. முதல் பிரதியை அட்டையில் இருப்பவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். தவறு சொன்னால் குறித்துக்கொண்டு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்திலும், ஒன்றைப் பள்ளியிலும் வையுங்கள்.

'பறையன்' நான்கு பக்கத்தில்தான் தொடங்கியது. அதை நடத்தியவர் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து பேசினார். நம் மாணவியின் இதழ் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. பெரியப்பா அதை மடித்து, ரேஷன் கார்டும் பட்டாவும் இருக்கும் அதே பெட்டியில் வைத்தால் போதும்.