நூலைக் கேட்டால் தோட்டத்தைச் சொல்லும், தறியைச் சொல்லாது

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் ஆரணித் தறிகளில் ஓடும் நூலுக்கு இலை தந்த மல்பெரித் தோட்டங்கள் பெரும்பாலும் கர்நாடகத்தில் இருக்கின்றன. சீன நூலும் இந்தியச் சந்தைக்கு வருகிறது. சேலையில் தொங்கும் சில்க் மார்க் முத்திரை, அது அசல் பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. மூலிகை எங்கே விளைந்தது என்று கண்டறிய உதவும் நிலையான ஐசோடோப்புச் சோதனையைப் பட்டிலும் செய்யலாம். ஆனால், அது நெசவூரைக் காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ஒரே தனிமத்தின் அணுக்களில் சில சற்றே எடை கூடியவை. கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதமும் ஆக்சிஜனில் 0.2 சதவீதமும் அப்படிப்பட்டவை. இவைதான் நிலையான ஐசோடோப்புகள்; கதிர்வீச்சின்றி அப்படியே நிலைத்திருக்கும். கடலிலிருந்து மேகம் உள்நாட்டுக்கு நகர நகர, எடை கூடிய நீர் முதலில் பொழிந்துவிடுவதால் மழைநீரில் அத்தகைய அணுக்களின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த நீரை மல்பெரி குடிக்கிறது. பட்டுப்புழுவோ தனியாகத் தண்ணீர் குடிப்பதில்லை; இலையின் ஈரமே அதற்குப் போதும். ஆகவே நிலத்து நீரின் சாயல், இலையில் நடக்கும் ஆவியாதலால் சற்று மாறினாலும், நூலின் புரதத்தில் தங்குகிறது. சில மில்லிகிராம் நூல் இருந்தால் போதும். அதை வாயுவாக்கி, நிறை நிறமாலைமானியின் காந்தப்புலத்தில் எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடலாம். கார்பன் மட்டும் அதிகம் உதவாது, எங்கும் மல்பெரி ஒரே வகை ஒளிச்சேர்க்கையைத்தான் செய்கிறது. நைட்ரஜனோ தொழுவுரமா, யூரியாவா என்பதைத்தான் பெரிதும் பேசும்.

சாயப்பட்டறையில் நூல் வெந்நீரில் கிடக்கிறதே, அடையாளம் அழிந்துவிடாதா? நியாயமான கேள்விதான். புரதத்தின் ஹைட்ரஜனில் ஒரு பகுதி நீரோடு இடம் மாறிக்கொள்ளும். அதைச் சோதனைக்கூடத்தில் அளவறிந்த நீராவியால் சரிக்கட்டலாம். கார்பனோடு பிணைந்த ஹைட்ரஜன் எளிதில் அசையாது. தோட்டத்து நிலப்பாறையின் வயதுக்கேற்ப விகிதம் மாறும் ஸ்ட்ரான்சியம்தான் சிக்கல். பசை நீக்கும் நீரும் சாயமும் அதைக் கலைத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஆண்டு மழையின் கலவை என்பதால், பக்கத்து மாவட்டங்களைப் பிரிப்பதும் கடினம். கர்நாடகத்தையும் சீனத்தையும் பிரித்தறிய வாய்ப்பு அதிகம், அதுவும் இரு பக்கத்து நூல்களின் அளவீடுகளும் கையில் இருந்தால்தான். பாவு ஓரிடத்து நூல், ஊடை வேறிடத்து நூல் என்றால் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நெய்த கையைப் பற்றி அணுக்களில் எதுவும் பதிவதில்லை. அதற்குத் தறியையும் கூட்டுறவுச் சங்கக் கணக்கையும்தான் பார்க்க வேண்டும். நூலைச் சோதிக்க விரும்புவோர் சேலையைக் காட்டிலும், சாயமேறாத கச்சாப் பட்டுச் சிட்டத்திலிருந்தே மாதிரி எடுப்பது நல்லது.