மேசையடியில் ஒரு முக்காலி

திருப்பூரில் பனியன் நிறுவனம் ஒன்றில் என் அத்தை இருபது ஆண்டுகள் செக்கிங் மேசை முன் நின்றார். ஆடையை விரிப்பது, பிசிறு வெட்டுவது, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஒதுக்குவது என்ற அந்த வேலையில் நடப்பதற்கு இடமே இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து பேருந்துப் படியில் கால் வைக்கும்போதுதான் முழங்கால் தன் இருப்பைக் காட்டும். "வயசாயிருச்சு கண்ணு" என்பார். அப்போது அவருக்கு வயது 46.

வயதும் உடல் எடையும் காரணங்களே. ஆனால், முழங்காலின் அமைப்பு வேறொன்றையும் சொல்கிறது. மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்காலின் பெரிய எலும்பு, முன்னே சில்லு ஆகிய மூன்றும் சந்திக்கும் மூட்டு இது. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கிறது. இங்கோ ஏறத்தாழத் தட்டையான பரப்பின் மீது உருண்ட முனை உட்கார்ந்திருக்கிறது. எனவே, உள்ளே குறுக்காக இரண்டு, பக்கங்களில் இரண்டு எனத் தசைநார்கள் அதைக் கட்டி வைத்திருக்கின்றன. பிறை வடிவக் குருத்தெலும்புகள் இரண்டு இடையில் மெத்தையாகக் கிடந்து சுமையைப் பரப்புகின்றன.

எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான குருத்தெலும்புதான் இங்கே முக்கியம். சில மில்லிமீட்டர் தடிமனே கொண்ட அதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டில் ஊறும் உயவு நீரே அதன் உணவு. பாரம் அழுத்தும்போது கடற்பஞ்சைப்போல நீரை வெளியேற்றி, பாரம் விலகும்போது உறிஞ்சிக்கொள்கிறது. நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு சுமை முழங்காலில் இறங்கும். ஆயினும் அது வந்து விலகும் சுமை. அசையாமல் நிற்பவருக்கு அந்த விலகல் கிடைப்பதில்லை. நரம்பு இல்லாததால் தேய்மானத்தின் தொடக்கத்தைக் குருத்தெலும்பு அறிவிப்பதும் இல்லை. பாதிப்பு அடியிலுள்ள எலும்பையும் சுற்றியுள்ள சவ்வையும் எட்டிய பிறகே வலி வருகிறது. தேய்ந்தது பழையபடி வளராது.

ஓவர்லாக் இயந்திரத்துக்கு எண்ணெய் விட மறக்காத ஊர் இது.

நின்று வேலை செய்வோர், இடையே ஓய்வு வாய்க்கும்போது உட்கார வசதி இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு கூறியது. கடை ஊழியர்களின் உட்காரும் உரிமைக்காகத் தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியபோது நானும் மகிழ்ந்தேன். ஆலைத் தொழிலாளிக்கு அது 73 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருந்ததை எண்ணியபோது அந்த மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. உட்கார்ந்தால் உற்பத்தி குறையும் என்பது நிர்வாகங்களின் வாதம். மேசைக்கு ஏற்ற உயரத்தில் இருக்கை இருந்தால் பிசிறு வெட்டும் கைகளுக்கு எந்தத் தடையும் இல்லை. மணிக்கொரு முறை கட்டுகளை எடுத்துவரும் வேலையை மாற்றிக்கொடுத்தால் நடையும் கிடைக்கும்.

அத்தையின் மேசையடியிலும் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் எப்போதும் துணிக்கட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்களாம்.