முதலுதவி செய்தோர்க்கு முதலுதவி

பிறர்க்கு உற்ற இடுக்கண் கண்டவிடத்து ஓடிச்சென்று கைகொடுத்தல் மக்கட் பண்புகளுள் தலையாயது என்பதை யாவரும் ஒப்புவர். அங்ஙனம் கைகொடுத்தலை முறையாகக் கற்பிக்கும் கலையே முதலுதவி எனப்படுவது. குருதி ஒழுகுங்கால் எங்ஙனம் அழுத்திப் பிடிப்பது, முறிந்த எலும்பை எங்ஙனம் அசையாது கட்டுவது, துடிப்பு நின்ற நெஞ்சை எங்ஙனம் இயக்குவது என்றின்னவற்றை இக்கலை விரித்துரைக்கும். ஆயின், உதவி முடிந்து நோயாளியை வண்டியேற்றி அனுப்பியபின், வெறுங்கையோடு நிற்கும் அவ்வுதவியாளனது உள்ளத்தில் யாது நிகழ்கின்றது? அதனையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். நம் கல்லூரியினின்று வெளியேறுவோர் பலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியச் செல்வர். அவ்விடங்களில் இக்கடமை எவர்மேல் எந்நாள் வந்து விழுமென எவரும் அறுதியிட்டுரைத்தல் இயலாது. ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

முதலுதவி இயக்கத்தின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுளது. சுவிட்சர்லாந்து நாட்டவரான ஹென்றி தூனாந்து என்பார் 1859 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தம் தொழில் அலுவலாக வட இத்தாலிக்குச் சென்றார். அத்திங்கள் 24 ஆம் நாள் சல்பெரினோ என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரில் காயமுற்றோர் ஆயிரக்கணக்கானோர், அருகிருந்த காஸ்டிலியோனே என்னும் ஊரின் ஆலயங்களிலும் தெருக்களிலும் கிடத்தப்பெற்றனர். மருத்துவம் பயிலாத தூனாந்து ஊர்மக்களைத் துணைக்கொண்டு அவர்க்கு நீர் ஊட்டியும் புண் கழுவியும் பணிசெய்தார். ஊர் திரும்பியபின்னும் அக்காட்சிகள் அவரைவிட்டு அகன்றில. 1862 இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே 'சல்பெரினோவின் ஒரு நினைவு' என்பதாம். அதன் பயனாக 1863 இல் செஞ்சிலுவை இயக்கம் ஜெனீவாவில் தோன்றிற்று. நினைவுகள் அனைவரிடத்தும் இத்தகைய பெருஞ்செயலாய் மலர்தல் வேண்டுமென எதிர்பார்த்தல் தகாது. எனினும், கண்டதை மறக்க இயலாமை ஒருவரது உறுதியின்மைக்கு அடையாளமன்று என்பது இவ்வரலாற்றால் தெளியப்படும்.

இனி, பணியிடத்தில் நிகழும் இடர்க்குத் தனித்தன்மையொன்று உண்டு. தெருவில் விழுந்தவன் பெரும்பாலும் உதவுவோனுக்கு அயலான். பணியிடத்தில் விழுபவனோ நேற்றுவரை பக்கத்தில் அமர்ந்து உண்டவன். நெசவாலையொன்றில் ஒரு தொழிலாளி மார்பைப் பற்றிக்கொண்டு சாய்கின்றான் எனக் கொள்வோம். உடன்பணிபுரியும் ஒருவன், தான் பயின்றவாறே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வரை அவன் மார்பை அழுத்துகின்றான். ஆம்புலன்சு வந்து அவனை ஏற்றிச் செல்கின்றது. மறுநாட் காலை அவ்வுதவியாளன் அதே வாயிலில் நுழைந்து, அதே எந்திரத்தின் ஓசையைக் கேட்டு, அதே தரையில் நின்று வேலைசெய்தல் வேண்டும். மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நோயும் சாவும் தொழிலோடு பட்டவை, இவனுக்கு அவ்வாறன்று. இந்திய நாட்டில் 1948 இல் இயற்றப்பெற்ற தொழிற்சாலைச் சட்டம், 150 தொழிலாளர்க்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைத்தல் வேண்டுமென்றும், அது பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் அப்பெட்டியில் உண்டு. அதனைத் திறந்தவன் உள்ளத்துக்கு மருந்து யாண்டுளது?

முதற்கண் உடலில் நிகழ்வதை நோக்குவாம். இடர் கண்டவுடன் சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது; மூச்சு மிகுகின்றது; குடலின் வேலை தளர்ந்து, தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கின்றது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915 இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். பொருதற்கோ ஓடுதற்கோ உடல் செய்யும் ஆயத்தமே இது என்பது அவர் கொள்கை. ஆபத்து நீங்கியபின்னும் இவ்வாயத்தம் உடனே அடங்குவதில்லை. ஆகவேதான் உதவும்போது அசையாதிருந்த கைகள் உதவி முடிந்தபின் நடுங்குகின்றன, வயிறு குமட்டுகின்றது, அன்றிரவு உறக்கம் வருவதில்லை. இதனைக் கோழைமை என்று எண்ணுவார் உடலின் இயல்பை அறியாதாரேயாவர்.

நினைவின் நிலையும் அத்தகையதே. அச்சமும் வியப்பும் மிக்க நேரத்தில் மூளை தான் கண்டதை ஆழப் பதித்துக்கொள்கின்றது. அதனால் விழுந்தவன் முகமும், அவன் செருப்பு கிடந்த இடமும், அங்கிருந்த எண்ணெய் மணமும் அழையாமலே திரும்பத் திரும்ப வந்து தோன்றும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தனர் என்பதை நம் இலக்கிய மாணவர் அறிவர். நாடக மேடையில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றக் காண்கின்றோம். உதவி செய்தான் ஒருவன் உள்ளத்திலோ அவை ஒருங்கே வந்து மொய்க்கின்றன. உயிர் காத்தேன் என்னும் பெருமிதமும், அது தவறியிருந்தால் என்னாகும் என்னும் அச்சமும், இறந்தான் பொருட்டு அழுகையும், வேடிக்கை பார்த்து நின்றார்மேல் வெகுளியும் ஒரே நாளிற் புகுந்தால் அவன் குழம்புவது இயல்பேயன்றோ? ஊரார் அவனை வீரன் எனப் புகழுங்காலும் அவன் மகிழாது ஒதுங்குவதன் காரணம் இதுவே.

இவை எல்லாவற்றினும் கொடியது, 'இன்னும் சற்று முன்னே தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பானோ?' என்று தன்னைத்தானே குற்றஞ்சாட்டும் எண்ணம். இதற்கு மருந்து, உண்மையை உள்ளவாறு அறிதலே. மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி நெஞ்சை இயக்கும் முறையைக் கூவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர் 1960 இல் அமெரிக்காவில் வெளியிட்டனர். அன்றுதொட்டு இம்முறையால் உயிர்பெற்றோர் பலர். எனினும், மருத்துவமனைக்கு வெளியே நெஞ்சு நின்றவருள், நல்ல ஏற்பாடுகள் அமைந்த நாடுகளிலேயே, பதின்மரில் ஒருவர் அளவிலேதான் பிழைக்கின்றனர். அழுத்துங்கால் விலாவெலும்பு முறிதலும் அடிக்கடி நிகழ்வதே. அவ்வோசை உதவியாளன் செவியைவிட்டு அகலாதாயினும், அது அவன் பிழையன்று. நெஞ்சு நின்றபின்னும் சிலர் சிறிதுநேரம் விட்டுவிட்டுத் திணறி மூச்சிழுப்பர். அதனைக் கண்டு 'மூச்சு உளதே' என்று மயங்குதல் பயின்றவர்க்கும் நேர்வது. முடிவு தெரிந்தபின் தொடக்கத்தை நோக்குவோர்க்கு எல்லாம் தெளிவாகத் தோன்றும். நடுவில் நின்றவனுக்கு அத்தெளிவு கிடைத்ததில்லை. பாரூக் ஃபிஷாஃப் என்னும் உளநூலறிஞர் 1975 இல் ஆய்வு வாயிலாகக் காட்டியதும் இதுவே. உதவாதிருந்தால் நின்ற நெஞ்சு தானே இயங்கியிராது, உதவியோன் அவனுக்கு இல்லாத ஒரு வாய்ப்பை உண்டாக்கினான், பறித்தானல்லன்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று இப்பொருளை நன்கு விளக்கும். 2021 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய காற்பந்துப் போட்டியில், முதற்பாதி முடியுந் தறுவாயில் கிறிஸ்டியன் எரிக்சன் என்னும் டென்மார்க்கு வீரர் நெஞ்சு நின்று வீழ்ந்தார். ஆட்டக்களமே அவ்வீரர்க்குப் பணியிடமன்றோ? அணித்தலைவர் சைமன் கியர் விரைந்து சென்று உதவினார்; தோழர்களை வட்டமாக நிறுத்தி, வீழ்ந்தவரை மக்கள் பார்வையினின்று மறைத்தார்; எரிக்சனின் துணைவியைத் தேற்றினார். மருத்துவர் மார்பை அழுத்தியும் மின்னதிர்ச்சிக் கருவியைக் கையாண்டும் எரிக்சனை உயிர்ப்பித்தனர். பின்னர் அவ்விரவிலோ மறுநாள் நண்பகலிலோ ஆட்டத்தை முடித்தல் வேண்டுமென்னும் நிலை ஏற்பட, அவ்விரவே ஆடினர். கியர் ஆட்டத்தின் 63 ஆம் நிமிடத்தில் களத்தைவிட்டு வெளியேறினார். அவர் உள்ளம் ஆடும் நிலையில் இல்லை என்று பயிற்சியாளர் கூறினார். வீரரை அந்நிலைக்கு உட்படுத்தியிருத்தல் ஆகாது என்றும் பயிற்சியாளர் பின்னர் உரைத்தார். எரிக்சன் பிழைத்து, 2022 இல் மீண்டும் ஆடவும் வந்தார். இதனால் நாம் அறிவன இரண்டு: நோயாளி பிழைத்தவிடத்தும் உதவியோன் உள்ளம் கலங்கும் என்பது ஒன்று; கலங்கியவரை உடனே வேலைக்கு ஏவுதல் தகாது என்பது மற்றொன்று.

இனி, செய்யத்தக்கவற்றைக் கூறுவாம். முதற் சில மணிநேரத்தில் அவனை அமரச்செய்து, கைகால் கழுவுவித்து, குருதி பட்ட உடையை மாற்றுவித்து, நீரும் உணவும் தருதல் வேண்டும். தனியே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு செல்ல விடலாகாது. மதுவால் உறக்கத்தைத் தேடுதல் பெருந்தீங்கு. அடுத்துவரும் நாட்களில் வேளை தவறா உணவும், நடையும், வழக்கமான சிறு வேலைகளும் உடலைத் தன்னிலைக்குக் கொணரும். நிகழ்ந்த இடத்துக்குச் செல்ல அஞ்சுவோன் ஒரு நண்பனோடு சிறிது சிறிதாகச் சென்று பழகுதல் நன்று.

பேசுதல் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எழுந்ததுண்டு. 1983 இல் அமெரிக்கராகிய ஜெஃப்ரி மிச்செல் என்பார், இடரிற் பட்டோரையெல்லாம் விரைவிற் கூட்டி நிகழ்ந்ததை முறையாக விவரிக்கச் செய்யும் வழக்கமொன்றை வகுத்தார். பின்னர் ஆராய்ந்தோர், ஒருமுறை அங்ஙனம் விவரிக்கச் செய்தல் பின்வரும் மனநோயைத் தடுப்பதில்லை எனக் கண்டனர். ஆகவே வற்புறுத்திப் பேசுவித்தல் ஆகாது. பேச விரும்புவோனைத் தடுத்தலும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் பிறரோடு சேர்ந்து வெளியிட்ட உளமுதலுதவிக் கையேடு, 'பார், கேள், இணை' என மூன்றே சொற்களில் அடங்கும் முறையைக் கூறுகின்றது: அவன் நிலையைப் பார், அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேள், அவனுக்கு வேண்டிய மக்களோடும் உதவியோடும் அவனை இணைத்துவிடு. 'எல்லாம் விதி', 'இதற்கெல்லாம் கலங்கலாமா', 'நீ இப்படிச் செய்திருக்கலாம்' என்னும் மூன்றும் நல்லெண்ணத்தாற் கூறப்படினும் புண்ணிற் கோலிடுவனவே.

முதலாளிமார்க்கும் மேலாளர்க்கும் இதிற் கடமையுண்டு. அன்றைய வேலையினின்று அவனை விடுவித்தல், விபத்தைப் பற்றிய விசாரணை வேறு ஆறுதல் வேறு எனப் பிரித்து நடத்தல், நோயாளி யாதானான் என்பதை அவன் குடும்பத்தார் இசைவோடு உதவியோனுக்குத் தெரிவித்தல் ஆகியன அவை. முடிவறியாமை பல உள்ளங்களை நெடுங்காலம் அரிப்பதாகலின், கடைசியிற் கூறியதைச் சிறிதென எண்ணற்க. உதவ இயலாது திகைத்து நின்றாரும் தம்முள் வருந்துவர், அவரையும் மறத்தலாகாது.

பெரும்பாலோர்க்கு இத்துன்பம் சில கிழமைகளில் தானே தணியும். ஒரு திங்களுக்கு மேலும் காட்சிகள் தோன்றி வருத்துதல், தீக்கனவு, திடுக்கிடல், அவ்விடத்தையும் அப்பேச்சையும் அறவே தவிர்த்தல் என்பன நீடித்தால், அது மருத்துவரிடம் காட்டத்தக்க நோயாம். அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என அதற்கு 1980 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நூலிற் பெயர் வகுத்தது. அதற்குத் தக்க சிகிச்சையும் உண்டு. இந்தியாவில் 2022 இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். உயிர் வாழவே விருப்பமற்ற எண்ணம் தோன்றின், ஒரு திங்கள் காத்திருத்தலும் வேண்டா, அன்றே நாடுக.

மாணவ நண்பர்காள்! முதலுதவி கற்கத் தயங்குவோர் நம்முட் பலர். 'ஒருவன் என் கையில் இறந்தால் யாது செய்வேன்?' என்னும் அச்சமே அத்தயக்கத்தின் வேர். அவ்வச்சத்தை மறுத்துரைத்தல் பயனின்று. அது நிகழவும் கூடும். ஆயின், நிகழ்ந்தபின் தாங்கும் வழியும் உண்டென அறிந்தவன் அஞ்சாது கைநீட்டுவான். ஆகவே கட்டுக்கட்டக் கற்கும் நாளிலேயே கட்டியவன் அருகில் அமர்ந்து அவன் சொல்வதைக் கேட்கவும் நாம் கற்போமாக.