புத்தாண்டில் வீட்டுத் தோட்டம்: முதலில் மண், பிறகுதான் விதை

பாடாங் செராய் என்னும் ஊர்ப் பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது. மலாய் மொழியில் பாடாங் என்றால் திடல். செராய் என்பது கறிக்கும் தேநீருக்கும் மணம் சேர்க்கும் புல். கூலிம் மாவட்டத்தின் இந்த வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த நாளில், முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாத லயத்து வீடு அரிது. மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின், கொல்லை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைதான் மிஞ்சியது.

ஆயினும் பயிரிடும் ஆசை விட்டுப் போகவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வீட்டில் முடங்கியிருந்த பலர் சட்டியிலும் வாளியிலும் கீரை விதைத்தனர். அத்தகைய ஆர்வம் சில மாதங்களில் வடிந்துவிடுவதுண்டு. காரணம், ஆசை மட்டும் இருந்தால் போதாது, பழக்கமும் வேண்டும்.

ஜனவரியில் என்ன செய்யலாம்?

புத்தாண்டு பிறந்ததும் விதைப் பொட்டலம் வாங்க ஓடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும் வறண்ட மாதங்கள். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டி இங்கு வரும்போது ஈரம் குறைந்துவிடுகிறது. ஏப்ரல் வாக்கில்தான் மழை வலுக்கும். ஆகவே, ஆண்டின் முதல் இரு மாதங்களை மண்ணைத் தயார் செய்வதற்கு ஒதுக்குவதே நல்லது.

இலையை எரிக்காதீர்கள்

போகியன்று முற்றத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குற்றம். அதோடு, மண்ணுக்குப் போக வேண்டிய உணவும் புகையாகிறது.

அடியில் துளையிட்ட பழைய வாளி ஒன்று போதும். காய்ந்த இலை இரண்டு பங்கு, காய்கறித் தோல் ஒரு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே சிறிது மண் தூவி, வாரம் ஒரு முறை கிளறிவிட வேண்டும். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்கள் கூடாது, எலி வரும். தைப் பொங்கலுக்குத் தொடங்கினால், மழை தொடங்கும் வேளையில் கறுத்த எரு கைக்கு வந்துவிடும்.

அதிக மழை பெய்யும் நம் நாட்டில் சத்துகள் கரைந்தோடி, மண் புளித்துப் போகிறது. நடுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் விவசாயச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கலப்பது பலன் தரும்.

தண்ணீரும் கொசுவும்

காலையில் வெயில் ஏறுமுன் செடியின் வேரடியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடியைச் சுற்றிச் சருகு பரப்பி வைத்தால் ஈரம் நீடிக்கும், களையும் அடங்கும்.

சட்டியின் அடித்தட்டில் நிற்கும் தண்ணீர்தான் ஆபத்து. ஏடிஸ் முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் பிடிக்கும். வாரம் ஒரு நாள் தட்டுகளைத் தேய்த்துக் கழுவினால் டிங்கிக் கொசுவின் சங்கிலி அறுந்துவிடும். தண்ணீரைக் கவிழ்ப்பது மட்டும் போதாது. தட்டில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டு வளாகத்தில் கொசுப் புழு இருந்தால் வீட்டுக்காரர்தான் அபராதம் கட்ட வேண்டும்.

அது மருந்தல்ல, நஞ்சு

தோட்டப்புறத்தில் களைக்கொல்லி தெளிப்பதை "மருந்தடிப்பது" என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். முதுகில் தோம்பு சுமந்து அந்த வேலையைச் செய்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்கள் தெளித்த பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. உள்ளே போனால் பிழைப்பது கடினம். 2002-இல் அரசு அதற்குத் தடை அறிவித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது. இறுதியில் 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அதுவும் ஒரு புத்தாண்டு நாள்தான்.

வேலை போனாலும் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. பழைய நஞ்சை சர்பத் போத்தலில் ஊற்றிப் படிக்கட்டின் அடியில் வைத்திருப்போர் இன்னும் இருக்கலாம். குழந்தை எடுத்துக் குடித்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு நஞ்சு தேவையே இல்லை. களையைக் கையால் பிடுங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்பும் கலந்து தெளித்தால் அசுவினி போன்ற பூச்சிகள் கட்டுப்படும். அண்டை மாநிலத்தின் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இரசாயனமில்லாப் பயிர்முறையைப் பல ஆண்டுகளாகச் சொல்லித் தருகிறது.

சிறிதாகத் தொடங்குங்கள்

பத்துச் சட்டி வாங்கி ஒன்பதைக் காயவிடுவதைவிட, மூன்றை ஒழுங்காகப் பார்ப்பது மேல். கங்கோங், கீரை ஆகியவை மூன்று நான்கு வாரங்களில் பறிக்கலாம். புதியவர்களுக்கு அதுவே ஊக்கம் தரும். விதைத்த நாளையும் எரு போட்ட நாளையும் நாள்காட்டியில் குறித்து வந்தால், அடுத்த ஆண்டுக்கு அதுவே பாடநூல்.

எதில் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஊர்ப் பெயரே வழி சொல்கிறது. சந்தையில் வாங்கிய செராயில் அடிக்கிழங்கு கெடாத இரண்டு தண்டுகளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி வந்தால், இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். பிறகு வெயில் படும் இடத்தில் நட்டால் போதும். கடையில் காசு கொடுத்து வாங்கிய செராய், இனி வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.