ஒத்து ஏன் அறுபடுகிறது?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளை வைத்து ஒருவர் கைபேசி விளையாட்டு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (யாராவது செய்யத்தான் வேண்டும்; கதை கல்லிலேயே தயாராக இருக்கிறது.) சிறுவன் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்கிறான். பின்னணியில் நாகசுரம், அதற்கடியில் ஒத்து. ஒத்து ஊதுபவர் சுருதியை விடவே மாட்டார். அதில் எட்டு விநாடியை எடுத்து, ஒட்டுத் தெரியாமல் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதுமே? வேவ் கோப்பாக ஓட்டினால் சரியாகவே ஒலிக்கிறது. எம்பி3 ஆக்கியதும் சுற்றுக்கொருமுறை சுருதி அறுபடுகிறது.

எம்பி3 ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, பக்கத்துக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துச் சுருக்குகிறது. முதல் கட்டத்துக்கு முன்னால் படிய எதுவும் இல்லை. அங்கே வெற்றொலி நுழைகிறது. பரவலாகப் புழங்கும் லேம் மென்பொருள் சுருக்கும்போது 576 சாம்பிளும், விரிக்கும்போது 529 சாம்பிளும் சேர்கின்றன. மொத்தம் 1,105. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் இது 25 மில்லி விநாடி. கடைசிக் கட்டத்தை நிரப்பவும் கொஞ்சம் வெற்றிடம் சேரும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு நேர்கோடு கிடக்கும். பாட்டுக் கேட்பவர் இதைக் கவனிக்க மாட்டார். தாளத்தோடு ஓட வேண்டிய விளையாட்டிலோ, நாற்பது சுற்றில் முன்பக்க மௌனம் மட்டுமே ஒரு விநாடி பின்தங்கவைத்துவிடும்.

"தொடக்க மௌனத்தை வெட்டிவிடு" என்று மென்பொருளுக்குச் சொல்வது பலர் செய்யும் வேலை. எனக்கு அது பிடிக்காத வைத்தியம். குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் இருக்கும் ஒலியெல்லாம் மௌனம் என்றே அது எடுத்துக்கொள்ளும்; தம்புராவின் மெல்லிய முதல் மீட்டலும் போய்விடும். அதைவிடப் பெரிய வம்பு, நம் இசையில் மௌனத்துக்கும் கணக்கு உண்டு. அநாகத எடுப்பில் தாளம் தொடங்கிய பிறகே பாட்டு தொடங்குகிறது. அந்த இடைவெளியை இயந்திரம் கத்தரித்தால் பாட்டு சமத்திலேயே வந்து விழும். கச்சேரி கேட்டுப் பழகிய காது உடனே முகம் சுளிக்கும்.

சுருக்கும்போது எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்பதை லேம் கோப்பின் தலைப்பிலேயே குறித்து வைக்கிறது. அதைப் படித்து, விரிக்கும்போது சேர்வதையும் கூட்டி, அந்த அளவை மட்டும் நீக்குவதே முறை. படிக்காத மென்பொருள்களும் உண்டு. ஆக் வார்பிஸ் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. மொத்த நீளம் சாம்பிள் கணக்கில் கோப்பிலேயே பதிவாகிறது. ஆர்பிஜி மேக்கர் போன்ற கருவிகளில் எந்த சாம்பிளிலிருந்து எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும் என்றும் எழுதி வைக்கலாம்: ஆலாபனை ஒருமுறை, பிறகு பாட்டு மட்டும் சுற்றும்.

ஊரில் விளையாட்டு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இசை தருபவரிடம் எம்பி3 வாங்காதீர்கள். வேவ் கேளுங்கள், ஆக் ஆக்குவதை நீங்களே செய்துகொள்ளுங்கள்.