உள்ளே இருப்பது எந்த மூட்டு?

தாராசுரத்துப் பட்டு நெசவாளருக்குக் குழித்தறி. வயலில் நாற்று நடுகிறவருக்கு நாள் முழுக்கக் குனிந்த வேலை. கல்யாணப் பந்தியிலோ சம்மணம். இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டால் இவற்றில் ஒன்றும் நடக்காது. அதனால்தான் மூட்டு மாற்றப் போகிறவர்கள் டாக்டரிடம், "கீழே உட்கார முடியுமா?" என்று மறக்காமல் கேட்கிறார்கள்.

இந்த ஆசைக்குத் தோதாக வந்தது உலோகக் கிண்ணத்தில் பெரிய உலோகப் பந்து சுழலும் வகை. பந்து பெரிதென்றால் மூட்டு லேசில் நழுவாது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் தயாரித்த ஏ.எஸ்.ஆர். அந்த வகைதான். ஆனால் அதன் கிண்ணத்துக்கு ஆழம் போதவில்லை. பொருத்திய கோணம் சற்றுப் பிசகினாலும் விளிம்பில் உராய்ந்து கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்தன.

இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேடு இதைக் காட்டிக்கொடுத்தது: ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஐந்தே ஆண்டில் மறு அறுவை. உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியிருந்த நிலையில், 2010 ஆகஸ்டில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு இது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு 2017இல் அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, அவர்களில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இங்கிலாந்தில் இருந்ததுபோன்ற பதிவேடு இங்கே இருக்கவில்லை.

மறு அறுவை, முதல் அறுவையைவிடக் கடினம். மூட்டைத் திறந்தால் சதை சாம்பலும் கறுப்புமாகக் கறை படிந்திருக்கும்; சில இடங்களில் எலும்பே கரைந்திருக்கும். தொடை எலும்புக்குள் இறுகிய தண்டை எடுக்க அந்த எலும்பைப் பிளக்கவும் நேரலாம். பிறகு புதுக் கிண்ணத்தைத் திருகாணியால் இறுக்கி, பாலிஎதிலீன் உறைக்குள் பீங்கான் பந்தைப் பொருத்துவது வழக்கம். அதன்பின் ரத்தத்தில் கோபால்ட் மெல்ல மெல்லக் குறையும். ஆனால் இடுப்புத் தசை ஏற்கெனவே அரித்துப்போயிருந்தால் தாங்கல் நடை தங்கிவிடும். மூட்டு நழுவும் அபாயமும் கூடும். தாமதிக்காமல் மாற்றியவர்களே நன்றாகத் தேறுகிறார்கள்.

2018இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு தரும் சூத்திரத்தை மத்திய அரசு ஏற்றது. நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. 2019இல், மறு அறுவை செய்துகொண்டதாக உறுதியானவர்களுக்குத் தலா 25 லட்சம் தர முன்வந்தது.

2010க்கு முன் இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்க்கலாம். மூட்டின் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கலாம். உலோகத்தோடு உலோகம் உரசும் வகை என்றால், வலி இல்லாவிட்டாலும் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி, ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.